முள் பூஜ்யத்துக்கு வந்த வளைவு

பிரேக்குக்குப் போகும் குழாயை நான் என் கையாலேயே அறுத்தேன். புது பிளேடு மாட்டிய கத்தியை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, பிசிறில்லாமல் நேராக அறுத்தேன். அவ்வளவு சுத்தமாக அறுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதன் பிறகு பதினோரு நாள் அந்த வண்டியில் நானும் என் மனைவியும் மலை ஏறினோம், இறங்கினோம். பதினோராம் நாள்தான் நான் அறுத்தது எந்தக் குழாய் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு செண்பகனூரில், சாலையிலிருந்து கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறது. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். பதினெட்டு வருடமாக மீட்டர்களோடுதான் பிழைப்பு. அம்மீட்டர், வோல்ட்மீட்டர், எதன் முள் எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன கோளாறு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டில் வண்டியைக் கழுவுவது, ஆயில் பார்ப்பது, ஃப்யூஸ் மாற்றுவது எல்லாம் நான். மலைப்பாதையில் ஓட்டுவது அவள். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். கல்யாணம் ஆன புதிதில் இதைச் சொல்ல வெட்கப்பட்டேன், பிறகு பழகிவிட்டது.

வண்டி பழையதாக வாங்கியது. டர்போ வைத்த சின்ன பெட்ரோல் கார். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றி, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அதனால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். வாங்கிய முதல் வருடம் அப்படித்தான் இழுத்தது. பிறகு, பழனியிலிருந்து ஏறும்போது பாதி மலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எதிரே இடம் இருந்தும் லாரியை முந்த முடியவில்லை. பெருமாள்மலையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினோம்.

"டர்போ போயிருக்கலாம்ணே. இல்ல, எங்கயாச்சும் காத்து லீக்காவும் இருக்கலாம். பூஸ்ட் மீட்டர் ஒண்ணு போட்டுப் பாத்தா வெரசாத் தெரிஞ்சுரும்" என்றார்.

மீட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு ஆசை. இதை ஏன் அவரிடம் விட வேண்டும்? இணையத்தில் ஒன்றை வரவழைத்தேன். உள்ளங்கை அளவுக்கு வட்டமான கருப்பு முகம். நடுவில் பூஜ்யம். என்ஜின் காற்றை உறிஞ்சும்போது முள் பூஜ்யத்துக்கு இடது பக்கம் போகும். டர்போ காற்றைத் தள்ளும்போது வலது பக்கம் போகும். கூடவே ஒரு மெல்லிய குழாய், மூன்று ஒயர், டி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. என்ஜினின் உறிஞ்சல் இழுக்கும் ஒரு குழாயை வெட்டி, நடுவில் அந்த டி-யைச் செருகி, அதன் மூன்றாவது காலில் மீட்டரின் குழாயை மாட்ட வேண்டும்.

எந்தக் குழாயை வெட்டுவது என்பதற்கு ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கடகடவென்று பேசினார். அவர் வாயில் பூஸ்டர், பூஸ்டர் என்று இரண்டு மூன்று முறை வந்தது. விரல் அளவு தடிமனில் ஒரு கருப்பு ரப்பர் குழாயைத் தொட்டுக் காட்டினார். பூஸ்ட் மீட்டர், பூஸ்டர் குழாய். சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் யோசித்தது. அது பிரேக் பூஸ்டர் என்று அவர் சொன்னதை என் காது எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மத்தியானத்துக்குள் வேலையை முடித்தேன். ஒயரை ஃப்யூஸ் பெட்டியில் கொடுத்தேன். குழாயை ஸ்டீயரிங் பக்கத்துத் துளை வழியாக உள்ளே இழுத்தேன். என்ஜினை முடுக்கியதும் முள் சட்டென்று இடது பக்கம் போய் நின்றது. கைதட்டி மனைவியைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் முதல் கோளாறு தெரிந்தது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் முள் வலது பக்கம் வரவே இல்லை. பூஜ்யத்தைக்கூடத் தொடவில்லை. இடது பக்கமே கிடந்தது. டர்போ செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து என்ஜினை நிறுத்திய பிறகும் முள் அங்கேயே நின்றது. இறங்கி வீட்டுக்குள் போய், காபி குடித்து, திரும்பி வந்து பார்த்தேன். நின்றது நின்றபடி இருந்தது. ஓடாத என்ஜின் எதை உறிஞ்சும்? செத்தவன் நாடி பிடித்துப் பார்த்து, துடிக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மீட்டரின் பின்னால் குழாயைக் கழற்றினேன். 'ப்ஸ்' என்று ஒரு சத்தம். முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த பத்து நாளும் எனக்கு அதே சோலிதான். மீட்டரைக் கழற்றிப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். ஆய்வகத்தில் ஒரு பெரிய சிரிஞ்சை மாட்டி இழுத்தேன். முள் இடது பக்கம் போனது. அழுத்தினேன், வலது பக்கம் போனது. மீட்டரில் குறையில்லை. மெல்லிய குழாயை மாற்றினேன். டி இணைப்பை மாற்றினேன். புது டி கொஞ்சம் ஒல்லி; ரப்பர் குழாய்க்குள் தொளதொளவென்று இருந்தது. ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றைச் சுற்றி இறுக்கினேன். அப்படி மூன்று முறையாவது அந்தக் குழாயைப் பிடுங்கியிருப்பேன், செருகியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அதன் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றிருக்க வேண்டும். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு நாள் டூட்டி முடிந்து ஓட்டிக்கொண்டு வந்தவள் சொன்னாள்: "ஏங்க, நான் பிரேக்கை மிதிக்கிறப்பல்லாம் அந்த முள்ளு லேசா துடிக்குதுங்க."

"வண்டி குலுங்குதுல்ல, அதான்."

"குலுங்காத எடத்துலயும் துடிக்குது."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. முள்ள நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

பதினோராம் நாள் புதன்கிழமை, பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தேன். அவளுடைய அக்கா ரயிலில் பழனி வந்து இறங்குகிறார், கூப்பிடப் போக வேண்டும். வெள்ளனே கிளம்பினோம். பெருமாள்மலையில் பழனி சாலைக்குத் திரும்பினோம். மூடுபனி கலைந்து வெயில் வந்துவிட்டது. நான் கைப்பேசியில் மீட்டரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்போம் என்று அன்றைக்குத்தான் மனது இறங்கி வந்திருந்தது. வண்டி இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தது.

வடகவுஞ்சிப் பிரிவு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்குள் நுழைகிறபோது முன்பக்கம் எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து 'ஸ்ஸ்' என்று இரைச்சல். பத்து நாளாக இடது பக்கமே கிடந்த முள் ஒரே துள்ளலில் எழுந்து பூஜ்யத்தில் வந்து நின்றது.

"வந்துருச்சு!" என்று கத்தினேன். "இந்தா பாரு, முள்ளு எந்திரிச்சிருச்சு!"

"பிரேக் இறங்கலை."

"பூஜ்யத்துல நிக்குது பாரேன்!"

"ஏங்க, பிரேக் மிதி இறங்கலைங்க. கல்லு மாதிரி கெடக்கு."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இருக்கையிலிருந்து பாதி எழுந்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வண்டி கொஞ்சம் தயங்கியது, நிற்கவில்லை. என்ஜின் தானாகவே உறுமியது. வளைவின் வெளிப்பக்கம் வெள்ளையடித்த தடுப்புக் கற்கள், அதற்கப்பால் ஆரஞ்சு மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். கை கீழே வர மறுத்தது.

வளைவை எப்படியோ திருப்பிவிட்டாள். அடுத்து நேரான இறக்கம். கீழேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் ஏறி வந்தது. முதல் கியருக்கு மாற்றினாள். வண்டி கீச்சிட்டு முன்பக்கம் குனிந்தது. இடது கையால் ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், ஒரு பல், இன்னொரு பல் என்று தூக்கினாள். எங்கள் பக்கம் மலைச்சுவர், அதன் ஓரமாக மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடை.

"கையை உள்ள வச்சுக்கோங்க" என்றாள்.

இடது சக்கரங்களைச் சாக்கடைக்குள் இறக்கினாள். என் பக்கம் முழுக்கப் பாறையில் உரசிக்கொண்டு போனது. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து மடியில் விழுந்தது. அடிப்பாகம் கல்லில் இடித்தது, இழுத்தது, பிறகு நின்றது. பஸ் எங்களைத் தாண்டிப் போய், கொஞ்சம் தள்ளி நின்றது.

அவள் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தாள். "அடி பட்டுச்சா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "விரலை அசைங்க. காலை அசைங்க. இப்ப மூச்சு விடுங்க." ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற அதே குரல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

பஸ் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "ஏலே, கல்லை எடுத்து டயருக்கு முட்டுக் குடுங்கலே!" என்று பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் நாலைந்து பேர் கல் புரட்டி வைத்தார்கள். டிரைவர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். "நீயா தங்கச்சி ஓட்டுன? நல்லவேளை, உள்பக்கமா ஒதுக்குன. தண்ணி குடி." யாரோ நீட்டிய பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறக்க முடியவில்லை. நான் திறக்கப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை. டிரைவர்தான் திறந்து கொடுத்தார்.

சாக்கடையிலிருந்து வண்டியை எல்லோருமாகத் தூக்கி மேலே வைத்தார்கள். பானெட்டைத் திறந்தேன். நான் டி வைத்த கருப்புக் குழாயின் ஒரு முனை கழன்று தொங்கியது. அறுந்த பிளாஸ்டிக் டேக் பேட்டரி மேல் கிடந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் மனைவி. நான் உள்ளே போய் முடுக்கினேன். என்ஜின் ஏறி இறங்கித் துடித்தது, இரைந்தது. அவள் குனிந்து, டி-யின் திறந்த வாயில் கட்டைவிரலை வைத்து மூடினாள். இரைச்சல் நின்றது, என்ஜின் அமைதியாக ஓடியது. விரலை எடுத்தாள், மறுபடி இரைந்தது.

"இழுக்குதுங்க. வார்டுல சளி எடுக்குற மெஷின் இழுக்குமே, அப்படி இழுக்குது." கழன்று கிடந்த மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனாள். அது பின்னால், டிரைவர் இருக்கைக்கு நேர் எதிரே, சட்டி மாதிரி இருந்த ஒரு கருப்பு உருளைக்குள் போய் முடிந்தது. "இது என்னது?"

பஸ் டிரைவர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அது பிரேக் பூஸ்டர் தங்கச்சி. என்ஜின் உறிஞ்சுற உறிஞ்சல்லதான் பிரேக்கு லேசா இறங்கும். இது கழண்டுச்சுன்னா மிதி கல்லா ஆயிரும். ஆமா, பிரேக்குக்குப் போற ஹோஸை எவன் வெட்டுனது?"

என்ஜின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறப் போனவர் திரும்பி வந்து, என் மனைவியிடம் மட்டும், "வண்டிய எடுக்காத தங்கச்சி. ஆளைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது. நீ பஸ்ஸப் பிடிச்சு வந்துரு. ஒண்ணுமில்ல, சின்ன ரிப்பேர்தான்." பேசி முடித்து, தடுப்புக் கல்லில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம், உரசிய கதவுக்கு அருகே நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: பதினோரு நாள். இரவு டூட்டிக்கு அவள் தனியாகப் போயிருக்கிறாள். மழையில் போயிருக்கிறாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியில் இறக்கிவிட்டாள்.

மெக்கானிக் பைக்கில் வந்தார். குழாயைப் பார்த்தார். நான் கைப்பேசியை நீட்டினேன். வீடியோவை ஓடவிட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முள், டப், இரைச்சல், முள் எழுந்தது. பிறகு என் குரல். திருவிழாவில் கத்துகிறவன் மாதிரி அவ்வளவு சந்தோஷம். அதற்கு அடியில் மெல்லிதாக அவள் குரல்: பிரேக் இறங்கலை. அதன் மேல் மறுபடி நான், சிரிப்போடு. அப்படிச் சிரித்தேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மெக்கானிக் பாதியிலேயே நிறுத்தி, கைப்பேசியை என்னிடம் தராமல் அவளிடம் கொடுத்தார்.

"அண்ணே, இங்க பாருங்க" என்று குழாயின் நடுவில் இருந்த ஒரு சின்ன வெள்ளைக் குமிழைக் காட்டினார். "இது வால்வு. ஒரு பக்கம்தான் காத்தை விடும். என்ஜின் நின்னாலும் பூஸ்டருக்குள்ள உறிஞ்சல் தங்கி நிக்கணும்னு வச்சிருக்கான். இல்லேன்னா பிரேக்கு பிடிக்க முடியாதே. நீங்க இதுக்கு அந்தப் பக்கம், பூஸ்டர் பக்கமா வெட்டியிருக்கீங்க. அங்க எப்பவும் உறிஞ்சல்தான் இருக்கும். டர்போ எவ்வளவு தள்ளுனாலும் அந்தக் காத்து வால்வைத் தாண்டாது. அப்புறம் எப்படி முள்ளு வலது பக்கம் வரும்? பிரேக்கை மிதிச்சா மட்டும் கொஞ்சம் அசையும்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காமல் இருந்தது, பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதைவிட மோசமாக இருந்தது. இப்படி ஒரு வால்வு என் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் தூசி தட்டி மேஜையில் எடுத்து வைக்கிறேன்.

மெக்கானிக் டி-யைப் பிடுங்கி எறிந்து, குழாயின் கிழிந்த நுனியை வெட்டி, ஒரு இரும்புத் துண்டுக் குழாய் வைத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினார். அவரே ஓட்டிக்கொண்டு பெருமாள்மலைக்கு வந்தார். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

அடுத்த வாரம் புதுக் குழாய் வாங்கிப் போட்டார். மீட்டரை வேறொரு சின்னக் கிளைக் குழாயில், என்ஜினுக்குக் காற்று போகும் இடத்திலேயே மாட்டினார். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் முள் பூஜ்யத்தைத் தாண்டி வலது பக்கம் வந்தது, ஆனால் பாதியில் நின்றது. டர்போவிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயின் அடியில், கிளிப் கடித்த இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதைத்தான் நாங்கள் ஆரம்பத்தில் தேடியிருக்க வேண்டும். டர்போவுக்கு ஒன்றுமே இல்லை. கிழிந்ததை மாற்றியதும் வண்டி பழைய மாதிரி இழுத்தது. "பாத்தீங்களாண்ணே, எப்படி நிக்குது முள்ளு!" என்றார் அவர். நான் ஆமாம் என்றேன். கண் அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டில் அவள் அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று: "முள்ளு துடிக்குதுன்னு சொன்னேன்லங்க."

"சொன்ன."

"கொலுசு வேணும்னா சொன்னேன்? பிரேக்கைப் பத்திச் சொன்னேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் துணியை மடித்து முடித்து, என் சட்டைகளைத் தனியாக எடுத்து என் பக்கம் வைத்தாள்.

இன்னொரு நாள் காலையில் அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் வண்டியைத் துடைக்க இறங்கியவன், எதற்கென்று தெரியாமல் அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். என்ஜினை முடுக்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். மெத்தென்று இறங்கியது. மறுபடி மிதித்தேன். மூன்றாவது முறை மிதி பாதியில் நின்றது. உள்ளே தங்கியிருந்த உறிஞ்சல் தீர்ந்து, நான்காவது முறை இறங்கவே இல்லை. காலுக்கு அடியில் பாறை இருப்பது மாதிரி இருந்தது. இரண்டு காலையும் வைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கி மிதித்தேன். தொடை நடுங்கியது. நான் அவளைவிட இருபது கிலோ கூடுதல். ஒரு விரல் அளவுகூட இறக்க முடியவில்லை.

அவள் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் பக்கம் நின்றாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்த்திருக்க வேண்டும்.

"இதையா மிதிச்ச?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள். "தள்ளிக்கோங்க. எனக்கு நேரமாச்சு."

இறங்கிச் சுற்றி வந்து, அடி வாங்கிய கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் முடுக்கினாள். கிளம்பும் முன் ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பார்த்தாள், அது இறங்கியது. பிறகுதான் கியர் போட்டாள்.